கறுப்புச் சாவுப் பாடத்தை அருவி வெட்டுக் கூலியில் தொடங்குவது எப்படி

எலியில் தொடங்காதீர்கள். வன்னிப் பள்ளிக்கூடங்களுக்கு வரலாறு படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இதுதான். கறுப்புச் சாவு என்று சொல்லப்படும், ஐரோப்பாவை அழித்த 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயை எலி, தெள்ளு, கப்பல், பிணம் என்று தொடங்கினால் பிள்ளைகள் வாய் மூடாமல் கேட்பார்கள். மறுகிழமை கேட்டுப் பாருங்கள், எலி மட்டும்தான் நினைவில் நிற்கும். அந்தச் சாவுக்குப் பிறகு நிலம் வைத்திருந்தவனுக்கும் அதில் வேலை செய்தவனுக்கும் நடுவில் என்ன மாறியது, வியாபாரம் அதற்கு எப்படி வழி விட்டது என்பதுதான் பாடம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த விசயம் ஏற்கனவே பாதி தெரியும். அவர்கள் அருவி வெட்டை, அதாவது நெல் அறுவடையைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

எனக்கே இது புத்தகத்தில் விளங்கவில்லை, வயலில்தான் விளங்கியது. முத்தையன்கட்டு வலதுகரையில் எங்களுக்கு மூன்று ஏக்கர். 2010இல் மீளக்குடியேறி வந்தபோது வரம்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. துப்புரவாக்கி, விதைத்து, 2012 மாசியில் வெட்டுக்கு வந்தால் ஆள் இல்லை. ஊரிலிருந்த பெடியளும் பெட்டையளும் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கும், வீட்டுத்திட்டத்துக்குக் கல் அரியவும் போய்விட்டார்கள். தேடிப் பிடித்த நாலு பேரும் முதல் வருடக் கூலியின் ஒன்றரை மடங்கு கேட்டார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு மீனும் கேட்டார்கள். அப்பா வரம்பில் நின்றபடி சொன்னார்: “இவ்வளவுக்கு மேல கூலி கேக்கக் கூடாதெண்டு ஆரும் ஒரு சட்டம் போடோணும், பிள்ளை.” அந்த இடத்திலேயே எனக்கு, கறுப்புச் சாவுக்குப் பிறகு கூலியைக் கட்டிப்போட்ட இங்கிலாந்தின் 1351ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது. பத்து வருடமாக அதை வாசித்து ஒப்புவித்துக்கொண்டிருந்த எனக்கு, அதைப் போட்டவர்கள் எந்த இடத்தில் நின்று போட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா கெட்ட மனிதர் இல்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

ஆகவே வகுப்புக்கு இரண்டு நாள் முன்னரே வீட்டு வேலை கொடுத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வர வேண்டும்: கடைசியாக ஆள் வைத்து வெட்டியபோது கூலி என்ன, சாப்பாடு யார் பொறுப்பு, விலையை முதலில் சொன்னது யார்? மெசின் வந்த பிறகு அந்த வெட்டு ஆட்கள் எங்கே போனார்கள்? காணி சொந்த உறுதியா, அரசு தந்த அனுமதிப் பெமிற்றா, குத்தகையா, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமா? தொகையைவிட முக்கியம், விலையை முதலில் சொன்னது யார் என்பதுதான். நாற்பது புளியங்கொட்டையும் ஒரு வெண்கட்டியும் போதும், வேறு உபகரணம் தேவையில்லை.

முதல் பாடவேளையில் சாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1300ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் ஒரு பண்ணையைத் தரையில் கீறுங்கள். பிரபுவின் நிலம் ஒரு பக்கம், குடியானவர்களின் துண்டு நிலங்கள் மறுபக்கம். பண்ணையடிமை கிழமையில் சில நாள் பிரபுவின் வயலில் சும்மா வேலை செய்ய வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குக் காசு கட்ட வேண்டும். குடும்பத் தலைவன் செத்தால் வீட்டிலிருக்கும் நல்ல மாடு ஒன்று பிரபுவுக்குப் போகும். இந்தக் கடைசி விசயத்தைச் சொன்னதும் மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து இருப்பார்கள். பிறகு பத்துக் கட்டம் போட்டு நாற்பது கொட்டையையும் அதற்குள் வைக்கச் சொல்லுங்கள். இடம் காணாது. அதுதான் அன்றைய ஐரோப்பா. ஆட்கள் கூட, நிலம் குறைவு, கூலி மலிவு. 1315இல் தொடங்கிய அடைமழை பயிரை அழுகவைத்தது. 1317 வரைக்கும் நீண்ட அந்தப் பஞ்சத்தில் வடக்கு ஐரோப்பாவில் பெருந்தொகையானோர் பட்டினியால் மாண்டார்கள். நிலம் இருந்தவன் சொன்னதுதான் விலை.

இதற்குப் பிறகு வழியைக் கீறுங்கள். கிர்கிஸ்தானில் இசிக்-குல் ஏரிக்கு அருகே பழைய இடுகாடு ஒன்று உண்டு. 1338, 1339 என்ற இரண்டே வருடங்களில் அங்கே கல்லறைக் கற்கள் திடீரென்று பெருகியிருக்கின்றன. சில கற்களில் கொள்ளைநோயால் இறந்தவர் என்று சிரியாக் மொழியில் வெட்டியிருக்கிறது. அங்கே புதைந்தவர்களின் பல்லிலிருந்து எடுத்த மரபணுவில் கொள்ளைநோயைத் தரும் யெர்சினியா பெஸ்டிஸ் கிருமி இருந்ததை 2022இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது வியாபாரிகள் போய்வந்த பாதை. அங்கிருந்து ஒரு கோடு மேற்கே இழுங்கள். கருங்கடல் கரையில் காஃபா. ஜெனோவா நகர வியாபாரிகள் தானியமும் உரோமத் தோலும் அடிமைகளும் வாங்கி ஏற்றிய துறைமுகம். 1346இல் அதை முற்றுகையிட்டிருந்த மொங்கோலியப் படைக்குள் நோய் பரவியது. படையினர் பிணங்களைக் கவணில் வைத்து நகருக்குள் எறிந்தார்கள் என்ற கதையைப் பிள்ளைகள் எங்கேயாவது கேட்டிருப்பார்கள். அதை எழுதிவைத்தவர் அங்கே நின்று பார்த்தவர் இல்லை என்பதைச் சொல்லிவிட்டு மேலே போங்கள். பிணம் எறியாவிட்டாலும் தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியோடு தெள்ளு வரும். 1347 ஒக்டோபரில் ஜெனோவாக் கப்பல்கள் சிசிலியின் மெசீனாவுக்கு வந்தன. 1348இல் வெனிஸ், புளோரன்ஸ், பாரிஸ். அந்தக் கோடையிலேயே இங்கிலாந்தின் தென்கரை. 1349இல் நோர்வே. கோடு முழுவதும் வியாபாரக் கப்பல் போன கோடுதான். ஏ9 வீதி பூட்டியிருந்த காலத்தை அறிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு, ஒரு பாதை என்ன கொண்டுவரும், பூட்டினால் என்ன நின்றுபோகும் என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

அந்த நோயில் கமக்கட்டிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும். காய்ச்சலோடு சில நாளில் ஆள் போய்விடும். நாலு ஐந்து வருடத்துக்குள் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்குமான சனம் செத்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இடத்துக்கு இடம் வேறுபடும். 1361இல் திரும்ப வந்தது. அதற்குப் பிறகும் வந்தது.

இந்த இடத்தில் நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன், நீங்கள் விடக் கூடாது. ஒருமுறை கட்டத்திலிருந்து கொட்டைகளை எடுக்கும்போது “இது ஒரு குடும்பம், இதில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்” என்று சொல்லிச் சொல்லி எடுத்தேன். பின் வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று எழும்பி வெளியே போய்விட்டாள். அவளுடைய வீட்டில் யார் இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் யோசிக்காமல் சொன்னேன். அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குப் போய்ப் படலையடியில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய அம்மம்மா தேத்தண்ணி தந்தா, வேறு ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் கொட்டைகளுக்குப் பெயரோ உறவோ வைப்பதில்லை. பிள்ளைகளையே கண்ணை மூடிக்கொண்டு பதினெட்டு எடுக்கச் சொல்வேன். “உங்கட வீட்டிலை ஆர் ஆர்” என்ற கேள்வி இந்தப் பாடத்துக்குள் வரவே கூடாது. சாவின் அளவைக் காட்ட வேண்டுமென்றால் இத்தாலியின் சியெனா நகரத்துச் சுவரைக் காட்டுங்கள். 1339இல் அந்த ஊரார் தங்கள் பேராலயத்தை மிகப் பெரிதாக்கத் தொடங்கினார்கள். 1348க்குப் பிறகு அந்த வேலை நின்றுபோனது. கூரையில்லாத அந்த உயர்ந்த சுவர் இன்றைக்கும் நிற்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குப் பாதியில் நின்ற சுவரைப் பார்த்தால் விளங்கும்.

இன்னொன்று. அந்தக் காலத்துச் சனம் தேவனின் கோபம் என்று நினைத்துத் தங்களைத் தாங்களே சவுக்கால் அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனதைச் சொல்லும்போது சிரிப்பு வர விடாதீர்கள். அம்மாள் வருத்தம் வந்தால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைக்கும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். பயந்த சனத்தின் வேண்டுதல் வேறு, பயத்தை அடுத்தவன் தலையில் கட்டுவது வேறு என்று பிரித்துக் காட்டுங்கள். கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று யூதர்கள்மேல் பழி போட்டார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் 1349 பெப்ரவரி 14ஆம் திகதி நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்துக் கொன்றார்கள். அப்போது நோய் அந்த ஊருக்கு வந்து சேரவேயில்லை. யூதர்களும் இதே நோயில் சாகிறார்களே என்று பாப்பரசர் ஆறாம் கிளெமென்ட் 1348இலேயே அறிவித்தும் கேட்கவில்லை. இதைத் தவிர்த்துவிட்டுக் கூலிக்குப் போவது சரியில்லை.

இப்போது விளையாட்டு. பத்துக் கட்டத்தில் இருபத்திரண்டு கொட்டை. வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள்: பத்துப் பேர் நிலக்காரர், மற்றவர்களில் பெரும்பாலானோர் வேலையாட்கள், ஓர் ஓரத்தில் நாலு பேர் நகரத்து வியாபாரிகள். விளைந்த வயலை வெட்ட ஒவ்வொரு நிலக்காரரும் ஆள் பிடிக்க வேண்டும். ஐந்தே நிமிடத்தில் கூலி ஏறும். சென்ற முறை எங்கள் வகுப்பில் ஒரு பெடியன் சாப்பாட்டோடு தன் தங்கச்சிக்குக் கொப்பியும் கேட்டான். சத்தம் கூடியதும் நிறுத்திவிட்டு நிலக்காரரைப் பார்த்துக் கேளுங்கள்: “இப்ப நீங்கள் என்ன செய்வீங்கள்?” ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும், “சட்டம் போடுவம், ரீச்சர்.”

அப்போது வாசித்துக் காட்டுங்கள். 1349 ஜூனில் மூன்றாம் எட்வர்ட் மன்னரின் கட்டளை: உடல் வலுவுள்ள, அறுபது வயதுக்குக் கீழ்ப்பட்ட, சொந்தப் பிழைப்பு இல்லாத எவரும் அழைத்த வேலைக்குப் போக வேண்டும், பழைய கூலிக்கே போக வேண்டும். அது பலிக்கவில்லை. 1351இல் பாராளுமன்றம் விலைப்பட்டியலே போட்டது. களை எடுப்புக்கும் புல் காயவைப்புக்கும் நாளுக்கு 1 பென்னி (அந்த நாட்டுக் காசு, ஒன்றுக்கு மேல் என்றால் பென்ஸ்). ஓகஸ்ட் முதல் கிழமை தானிய அறுவடைக்கு 2 பென்ஸ், இரண்டாம் கிழமையிலிருந்து 3 பென்ஸ். அதோடு ஒரு வாசகம்: உணவோ குடிவகையோ வேறு உபசாரமோ கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. கேட்கக் கூடாது என்பதை மட்டுமல்ல, கொடுக்கக் கூடாது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். நிலக்காரர் தங்களுக்குள்ளேயே போட்டி போட்டு, மீன் போட்டுச் சோறு கொடுத்து ஆள் இழுத்தார்கள் என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி. ஒன்றைத் தடுக்கச் சட்டம் வருகிறது என்றால் அது நடந்துகொண்டிருக்கிறது என்று வாசிக்கப் பழக்குவது, இந்தப் பாடத்தில் நான் மிகவும் விரும்பும் பகுதி. 1363இல் வந்த இன்னொரு சட்டம் உழவுகாரரும் வண்டிக்காரரும் முரட்டுக் கம்பளித் துணி மட்டும்தான் உடுக்கலாம் என்றது. அப்படியானால் அவர்கள் என்ன உடுத்தத் தொடங்கியிருந்தார்கள் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

கூலி மறுநாளே உயர்ந்து எல்லோரும் நன்றாக இருந்தார்கள் என்று எழுத விடாதீர்கள். காசுக் கூலி ஏறியது உண்மை. தானிய விலையும் 1370களின் நடுப்பகுதி வரை ஏறியே நின்றது. அதற்குப் பிறகுதான் தானியம் மலிந்து, கூலியின் பெறுமதி கையில் தெரிந்தது. 15ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் கட்டட வேலைக்கு உதவியாளாக நின்றவரின் நாட்கூலி, நோய்க்கு முன்னிருந்த ஏறக்குறைய 2 பென்சிலிருந்து 4 பென்சுக்கு வந்தது. நோர்போக் பகுதியில் செட்ஜ்போர்ட் என்ற ஊரின் பண்ணைக் கணக்குகள் இதைச் சாப்பாட்டிலேயே காட்டுகின்றன. 1256இல் அறுவடை ஆட்களுக்குப் பெரும்பாலும் பார்லி ரொட்டி, இறைச்சி பெயருக்கு மட்டும். 1424இல் கோதுமை ரொட்டி, மாட்டிறைச்சி, தாராளமாக ஏல் மதுபானம். பிள்ளைகள் வீட்டிலிருந்து கேட்டு வந்த அருவி வெட்டுச் சாப்பாட்டை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதவையுங்கள்.

பிறகு 1381. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் 12 பென்ஸ் தலைவரி கட்ட வேண்டும் என்று வந்தது. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே கணக்கு. எசெக்ஸ், கென்ட் பகுதிச் சனம் எழும்பி லண்டனுக்குப் போனது. வாட் டைலர் தலைமை. மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது 14, உங்கள் வகுப்புப் பிள்ளைகளைவிடச் சின்னவர். டைலரை ஜூன் 15ஆம் திகதி ஸ்மித்பீல்டில் கொன்றார்கள், கொடுத்த வாக்குறுதிகளை மன்னர் திரும்ப எடுத்துக்கொண்டார். எழும்பிய சனம் போகிற வழியில் எதை எரித்தது என்று கேளுங்கள். பண்ணை நீதிமன்றப் பதிவேடுகளை. யார் பண்ணையடிமை, யார் எத்தனை நாள் வேலை செய்ய வேண்டும் என்று அதில்தான் இருந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த நூறு வருடத்தில் அதே பதிவேட்டின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே குடியானவனின் காணி உரிமையாக மாறியது. பிரதிக்காணி என்று அதைச் சொல்லலாம். கிழமை வேலை போய், காசு வாடகை வந்தது. இடப்பெயர்வுகளில் பெமிற்றைத் தொலைத்துவிட்டு இன்னும் கந்தோர் ஏறி இறங்கும் வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. சேலைத் தலைப்பில் முடிந்து, பங்கர் பங்கராகக் கொண்டுதிரிந்து அதைக் காப்பாற்றிய அம்மாமாரும் உண்டு. ஒரு கடதாசி ஆளைக் கட்டவும் செய்யும், காக்கவும் செய்யும் என்பதை இந்தப் பிள்ளைகளைவிட வேகமாக விளங்கிக்கொள்ளும் வகுப்பை நான் கண்டதில்லை.

இனி ஓரத்தில் இருத்திய நாலு வியாபாரிகளுக்கு வருவோம். நிலக்காரர் சட்டம் போட்டதும் வேலையாட்களிடம் கேளுங்கள், எங்கே போவீர்கள் என்று. போக இடம் இல்லாதவனுக்குக் கூலி ஏறாது. மேற்கு ஐரோப்பாவில் இடம் இருந்தது. ஜெர்மன் நகரங்களில் ஒரு வருடமும் ஒரு நாளும் தங்கிவிட்ட பண்ணையடிமையைப் பழைய பிரபு திரும்பக் கேட்க முடியாது என்ற வழக்கம் இருந்தது. நகரக் காற்று ஆளை விடுவிக்கும் என்று பிற்காலத்தில் அதைச் சொன்னார்கள். லூபெக்கைத் தலையாகக் கொண்ட ஹன்சா என்ற வியாபாரக் கூட்டின் நகரங்கள் நோவ்கொரொட்டிலிருந்து லண்டன் வரைக்கும் மீனும் மெழுகும் துணியும் விற்றன. 1252இல் புளோரன்ஸ் அடித்த புளோரின் தங்க நாணயம் எங்கும் செல்லுபடியானது. நோய்க்குப் பயந்து துறைமுகங்கள் வியாபாரத்தைக் கைவிடவும் இல்லை. 1377இல் ரகூசா, இன்றைய டுப்ரோவ்னிக், நோயுள்ள இடத்திலிருந்து வருபவர்களை முப்பது நாள் வெளியே காத்திருக்கவைத்தது. பின்னர் அது நாற்பது நாளாகியது. கொரோனாக் காலத்துத் தனிமைப்படுத்தலின் பழைய வேர் அதுதான்.

ஒரு ஆளைக் காட்டாமல் இந்தப் பகுதி ஒட்டாது. நான் காட்டுவது பிராட்டோ ஊர் பிரான்செஸ்கோ டாட்டினியை. 1348இல் தாய், தகப்பன், கூடப்பிறந்தவர் இருவர் எல்லோரும் நோயில் போய், அவரும் ஒரு தம்பியும் மிஞ்சினார்கள். அப்போது வயது பதின்மூன்று அளவில். 1350இல் அவிஞோனுக்குப் போய் வியாபாரம் பழகினார். ஆயுதம், உப்பு, கம்பளி, துணி. பார்சலோனா, ஜெனோவா, பீசா என்று கிளைகள் வைத்தார். ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் கடிதங்களை எறியாமல் வைத்திருந்தார், அவை 1870இல் அவர் வீட்டில் கண்டெடுக்கப்பட்டன. புளோரன்சில் கட்டிய காசை புரூஜில் ஒரு கடிதத்தைக் காட்டி எடுக்கும் மாற்றுச்சீட்டு அவருடைய நாளாந்த வேலை. உண்டியலில் காசு அனுப்புவது மாதிரி என்று சொன்னால் போதும், கனடாவில் மாமா இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மேலதிக விளக்கம் தேவைப்படாது. மனைவியிடம் பிள்ளை இல்லாமல் போனதால், 1410இல் இறக்கும்போது சொத்தின் பெரும்பகுதியை, 70,000 புளோரின் அளவில், பிராட்டோ ஏழைகளுக்கென்று எழுதிவைத்தார்.

இத்தோடு நிறுத்தினால் பிள்ளைகள் பிழையாக விளங்கிக்கொள்வார்கள். நோய் வந்தது, ஆள் குறைந்தது, விடுதலை வந்தது என்று ஒரு நேர்கோடு அவர்கள் மனதில் விழுந்துவிடும். ஆகவே இதே இருபத்திரண்டு கொட்டையை வைத்து விளையாட்டை இரண்டாம் முறை ஆடவையுங்கள். இம்முறை நாலு வியாபாரிகளையும் நிலக்காரரின் பக்கத்தில் இருத்துங்கள், நிலக்காரர் சொல்லும் தானியத்தை மட்டும் அவர்கள் வாங்குவார்கள். வேலையாட்கள் போக இடம் இல்லாமல் நிற்பார்கள், கூலி ஏறாது. ஜெர்மனியின் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே நடந்தது இதுதான். அங்கே நகரங்கள் பலவீனம், பிரபுக்கள் பலம். மேற்கு நகரங்களுக்குத் தானியம் ஏற்றும் வியாபாரம் பெருகப் பெருக, பிரபுக்கள் ஆட்களை நிலத்தோடு இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். போலந்தில் 1496ஆம் ஆண்டுச் சட்டம் குடியானவர்கள் ஊரைவிட்டு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தியது. 1520இல் கிழமைக்கு ஒரு நாள் கட்டாய வேலை சட்டமானது. மேற்கில் கட்டை அவிழ்த்த வியாபாரம் கிழக்கில் கட்டைப் போட்டது.

விடை எழுதவைக்கும்போது ஒரே கேள்வி கொடுங்கள்: ஆட்கள் குறைந்தபோது விலையை முதலில் சொல்லும் உரிமை யாரிடம் போனது, ஏன்? இங்கிலாந்தையும் போலந்தையும் பக்கத்தில் வைத்து எழுத வேண்டும். வருடங்களை மனப்பாடமாகக் கொட்டிய பிள்ளையைவிட, 1351 சட்டத்தில் “கொடுக்கவும் கூடாது” என்று ஏன் வந்தது என்று இரண்டு வரி எழுதிய பிள்ளைக்கு நான் புள்ளி கூடப் போடுவேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த கூலிக் கணக்கை விடையின் கடைசியில் ஒட்டச் சொல்லுங்கள். மணி அடித்ததும் புளியங்கொட்டையை எண்ணித் திரும்ப வாங்கி டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த கிழமை மறுமலர்ச்சி, புளோரன்ஸ் வங்கிக்காரருக்குக் காசாக அதே கொட்டைகள் வேண்டும்.